பதினோராவது கேள்வி

இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள்?
பதில் எழுதப் படிவத்தில்
ஒரே ஒரு வரிதான் விட்டிருக்கிறார்கள்.
குஷிரோ கிளையில் இருபத்திரண்டு வருஷமாக
அந்த வரியைப் படித்துக்
கோப்பில் போடுவது என் பொறுப்பு.

பெரும்பாலும் ‘சமூகத்துக்குச் சேவை’.
ஒரே பேனாவைக் கைமாற்றி எழுதியது போல.
நான் சிரிப்பதில்லை.
நானும் அதைத்தான் எழுதினேன்.

நிஜமான பதில் மதியம் வரும்,
சோற்றுப் பெட்டி திறக்கும்போது.

மாடியில் பிள்ளையை விட அறை உண்டு என்றார்கள்,
வந்துவிட்டேன், என்றாள் ஹிசாயோ.
விற்பது என்னவென்று கேட்கத் தோன்றவில்லையாம்.
ஆயுள் என்று
மூன்றாம் நாள்தான் தெரிந்ததாம்.

ஷிகெமி ஆலையில் ஒன்பது வருஷம்
சால்மன் வயிறு கிழித்தவள்.
‘இங்கே கை ஈரமாவதில்லை’
அவ்வளவுதான் அவள் காரணம்.
சொல்லிவிட்டுப் பத்து விரலையும் விரித்து
மோதிரம் காட்டுகிறவள் மாதிரி
மேசை சுற்றிலும் காட்டினாள்.

சுரங்கம் மூடிய வருஷம்
எங்களுக்குள் ஒரே ஆண்பிள்ளையாக வந்தார் தகேஹரா.
மைத்துனன் கோட்டு, கை நீளம்.
மண்ணுக்கு அடியில் இறங்கியவனுக்கு
பாலிசியைப் பற்றிப் பாடம் வேண்டாம் என்றார்.
முதல் மாதம் ஒன்றும் போணியாகவில்லை.
இரண்டாம் மாதம் தன் பெயரிலேயே ஒன்று.
மூன்றாம் மாதம் பழைய ஷிப்டு ஆட்கள் ஆறு பேர்,
முகத்துக்காகக் கையெழுத்துப் போட்டவர்கள்.
வேலையில்லாத அவர்கள் வாசலில்
தவணை கேட்டு நிற்க வாய் வராமல்
அதையும் தானே கட்டினார்.
பனி உருகுமுன் நின்றுவிட்டார்.
வாடிக்கையாளருக்கென்று வாங்கிய மிட்டாய் டப்பா
மேசையிலேயே கிடந்தது.
கொஞ்சநாள் பார்த்தோம்,
பிறகு தின்றோம்.

யாயேகோவுக்கு ஒளிவுமறைவு கிடையாது:
‘அடுத்தவர் வீட்டுக்குள் போக எனக்குப் பிடிக்கும்.
வேறு எந்த வேலை விடும் சொல்லுங்கள்,
போலீஸைத் தவிர?’
காலண்டர் கொடுக்கிற சாக்கில்
எந்தச் சுவரில் கடிகாரம் நின்றுபோயிருக்கிறது,
எவள் நின்றபடி சாப்பிடுகிறாள்,
எல்லாம் பார்த்து வருவாள்.
கிளையில் அதிகம் விற்பவளும் அவள்தான்.

வெளியாட்கள் எங்களிடம் எதிர்பார்ப்பது
படகு கவிழ்ந்த கதை.
இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை.
கடல் பனிக்கட்டி வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்த பிப்ரவரியில்
சியெனோ நிஷிகாதாவின் வீட்டுக்கு
உறையோடு போனேன்.
அனுதாபம் சொல்லக் கற்றுத் தந்த வாக்கியத்தைப்
பேருந்தில் ஏழு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.
அவள் அதற்கு இடமே தரவில்லை.
உறையைப் பிரிக்கவுமில்லை.
‘இந்தப் பாலிசியில்
உங்களுக்கு எவ்வளவு கிடைத்தது?’

சொன்னேன். கடைசி யென் வரைக்கும்.
தூபப் புகை இரண்டு முறை வளைந்து போனது.
பிறகு எழுந்து எனக்குத் தேநீர் ஊற்றினாள்.

ஏப்ரலில் எங்கள் கிளை வாசலில் நின்றாள்,
படிவம் இருக்கிறதா என்று.
பதினோராவது கேள்விக்கு அவள் எழுதியது:
‘கேட்டதற்குப் பதில் சொன்னார்கள்.’

மேலாளர் இது காரணமே இல்லை,
மாற்றி எழுதச் சொல் என்றார்.
நான் மறந்துபோனேன்.

முதல் சம்பள நாளில் அவளே கேட்டாள்,
உங்களுடையது என்னவென்று.
அவளிடம் சேவை என்று சொல்ல முடியுமா?

விவாகரத்து முடிந்து
பிறந்த வீட்டுப் பெயருக்கு நான் திரும்பிய மாதம்.
கடிதங்கள் அப்போதும் பழைய பெயருக்கே வந்துகொண்டிருந்தன.
இங்கே சேர்ந்த மூன்றாம் வாரம்
ஒரு சின்னப் பெட்டி தந்தார்கள், நூறு முகவரி அட்டை.
அன்றிரவு சமையல் மேடையில் ஒன்றை வைத்து
விளக்கை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றொன்பது கொடுத்தாகிவிட்டது.